பாஷை பார்த்து வூடு தேடியவன்

பெங்களூரில் பதினெட்டு வருஷம் வண்டி ஓட்டிய அறிவழகனுக்கு யாரிடமும் வழி கேட்டுப் பழக்கமில்லை. எந்தச் சந்தில் புகுந்தால் சிக்னலைத் தப்பலாம், மழை பெய்தால் எந்தப் பாலத்துக்கடியில் முட்டியளவு தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பின்சீட்டில் இருப்பவர்கள் செல்போனை நீட்டி "இப்படிக் காட்டுதே" என்றால், "அதுக்கென்ன சார் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே வேறு பக்கம் திருப்புவான். சொன்ன நேரத்துக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கியும் விடுவான். அப்பேர்ப்பட்டவன்தான் போன ஏப்ரல், மே மாசங்களில், ஒரு வாடகை வீடு தேடி, தர்மபுரியைச் சுற்றியிருக்கிற நகர்களுக்குள் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி அலைந்தான்.

அறிவழகன் பிறந்தது பென்னாகரம் பக்கம். இருபத்து மூன்று வயதில் பெங்களூருக்குப் போய், முதலில் லாரிக்குக் கிளீனர், பிறகு ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் டிரைவர். அந்த வேனில் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு முதல் ஆளாக ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிற பெண்தான் நாகரத்னா. ராமநகரம் பக்கத்துக்காரி. அவளை எழுப்புவதற்காகவே அவன் கன்னடம் கற்றுக்கொண்டான் என்று கம்பெனியில் பேச்சு. இரண்டு வீட்டாரும் ஒப்பவில்லை. பாஷை வேறு, ஜனம் வேறு. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பெண் குழந்தை பிறந்த பிறகு இரண்டு பக்கமும் கொஞ்சம் இளகியது. பெண்ணுக்கு ஸ்பூர்த்தி என்று பெயர். பென்னாகரத்து உறவுக்காரர்களின் நாக்கு அந்தப் பெயரில் இடறி விழும். "பூர்த்தி" என்று கூப்பிடுவார்கள். ஆறு வருஷம் கழித்துப் பையன், நவநீத். அவனை அவர்களாகவே நவநீதன் ஆக்கிக்கொண்டார்கள்.

வேனுக்குப் பிறகு வாடகைக் கார் ஓட்டினான். போன வருஷக் கடைசியில் அறிவழகனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு நாள் வண்டியை விட்டு இறங்க முடியாமல், இறங்க வேண்டிய ஆளே வந்து அவனைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். தினமும் பதினாலு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டுவதை விடு, இல்லையென்றால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் சவுரியப்பன் போன் செய்தான். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி, தர்மபுரியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிற தொழில். ஒரு காலேஜ் பஸ்ஸுக்கு டிரைவர் கேட்கிறார்கள், காலையில் ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், ஜூன் மாசம் சேர வேண்டும், வருகிறாயா என்றான்.

அறிவழகன் அன்று சாப்பிடும்போது ரத்னாவிடம் சொன்னான். வீட்டுக்குள் அவர்கள் பேசிக்கொள்வது கன்னடம்தான்; அவனை அவள் கூப்பிடுவதும் கன்னடத்து மரியாதையில் "ரீ" என்றுதான். அவள் அவன் தட்டில் சாம்பாரை ஊற்றினாள்.

"வரேன். உங்க இடுப்பைவிட பெங்களூர் பெருசில்ல. ஆனா ரீ, அங்க நான் யார்கூடப் பேசறது?"

இந்த ஒரு கேள்விதான் அவனைப் பிடித்துக்கொண்டது. வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பிறகு. ரத்னா யாருடன் பேசுவாள்? அதற்கு விடை கிடைக்கிற தெருவில் வீடு பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு, முதல் ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வழியாகப் பஸ் ஏறி வந்து இறங்கினான்.

சவுரியப்பன் தன் குட்டியானை வண்டியில் கேன்களுக்கு நடுவே அவனை ஏற்றிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு வேலை அதிகம். ஒவ்வொரு நகராக நிறுத்தி, கேன் இறக்கிவிட்டு, அப்படியே காலி வீடு இருக்கிறதா என்று விசாரிப்பதாக ஏற்பாடு. தர்மபுரியை அறிவழகன் சின்ன வயதில் பார்த்தது பஸ் ஸ்டாண்டும் நாலு ரோடும்தான். இப்போது சேலம் ரோட்டில், அரூர் ரோட்டில், பென்னாகரம் ரோட்டில், எங்கு பார்த்தாலும் காட்டை மனையாக்கி, மனையை நகராக்கி வைத்திருந்தார்கள். பூங்கா நகர் என்றார்கள், பூங்கா இல்லை. அதன் விரிவாக்கம் என்றார்கள், அது ஒரு மைல் தள்ளி இருந்தது.

இலக்கியம்பட்டியைத் தாண்டி ஒரு நகரில் நல்ல வீடு. மாடிப்படி வெளியே, இரண்டு படுக்கையறை, பின்னால் முருங்கை மரம். "தண்ணி எப்படிங்க?" என்று தெருவில் ஒரு வீட்டுக்காரரைக் கேட்டான்.

"ஒரு குறையும் இல்லீங்க. வாரத்துக்கு ரெண்டு வாட்டி வுடுவாங்க, ஒகேனக்கல் தண்ணி. தொட்டி நெறஞ்சு வழியும்."

மகிழ்ச்சியாகத் திரும்பி, கொஞ்சம் தள்ளி இன்னொரு வீட்டு அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தான். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தண்ணியா? இந்தத் தெருவுல தண்ணிக்கு ஏமாந்தது போதும் சாமி. மாசத்துக்கு ஒரு தபா வந்தா பெருசு."

யார் சொல்வது பொய் என்று அறிவழகனுக்குப் புரியவில்லை. வண்டியில் ஏறியதும் சவுரியப்பன் சிரித்தான். "ரெண்டு பேரும் நெசம்தான் மாப்ள. ரோட்டுக்கு அந்தாண்ட முனிசிபாலிடி, இந்தாண்ட பஞ்சாயத்து. அந்தாள் வூட்டுக்கு வாரம் ஒரு கேன் போடறேன். இந்தம்மா வூட்டுக்கு ஆறு. நீ பாத்த வூடு எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம் என்று அறிவழகனுக்கு நினைவில்லை. ரோட்டை எத்தனை தடவை குறுக்கே தாண்டினோம் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். மூன்றா, நாலா என்று தெரியாமலே அந்த ஞாயிறு முடிந்தது.

அடுத்த வாரம் கலெக்டர் ஆபீஸ் பக்கம். தெருவெல்லாம் கோடு போட்ட மாதிரி; வீடுகளுக்கு முன்னால் கார்; எல்லாக் கேட்டும் சாத்தியிருந்தது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அதிகாரி. மரியாதையாக உட்கார வைத்து மோர் கொடுத்தார். "வூட்டுல என்ன பாஷை பேசுவீங்க?" என்று கேட்டார். கன்னடம் என்றதும், "ரொம்ப சந்தோஷம், எனக்கும் ஓசூர்ல வேலை, எல்லாம் புரியும்" என்று இரண்டு வாக்கியம் பேசியும் காட்டினார். அறிவழகனுக்கு அப்போதே வீடு அமைந்துவிட்ட மாதிரி இருந்தது. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிய அந்த மனுஷன், "வூட்டுல கேட்டுட்டு சொல்றேங்க" என்றார். வீட்டில் அவரைத் தவிர யாரும் இருக்கிற அரவம் இல்லை. சொல்லவும் இல்லை. மூன்றாவது நாள் அறிவழகனே போன் செய்தபோது, "நீங்க வர்றதா இருந்தா வாங்க, வராட்டியும் பரவால்லீங்க" என்றார். இதற்கு வா என்று அர்த்தமா, வராதே என்று அர்த்தமா? ரத்னாவிடம் அந்த வாக்கியத்தைக் கன்னடத்தில் சொல்லிப் பார்த்தான். கன்னடத்திலும் விளங்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு அவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஊருக்குத் தெற்கே ஒரு பழைய குடியிருப்பு; சவுரியப்பன் கேன் இறக்கிக்கொண்டிருந்தான். பொதுக்குழாயில் குடம் வைத்திருந்த இரண்டு பெண்கள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். அறிவழகன் வண்டியிலிருந்து குதித்து இறங்கினான். சண்டை கன்னடத்தில் நடந்தது! நாலு தலைமுறைக்கு முன்னால் வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் என்றும், வெளியே தமிழ், வீட்டுக்குள் கன்னடம் என்றும், அந்த வரிசை முழுக்க அப்படித்தான் என்றும் சொன்னார்கள். வரிசைக் கடைசியில் ஒரு வீடு காலியாகவும் இருந்தது. சின்ன வீடுதான். சமையலறையில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். இருந்தால் என்ன! அங்கே நின்றபடியே ரத்னாவுக்குப் போன் போட்டு, குழாயடிப் பக்கம் திருப்பிப் பிடித்து, "கேக்குதா?" என்றான்.

"யாரோ திட்டறாங்க" என்றாள் அவள்.

"கன்னடத்துல திட்டறாங்க!"

அடுத்த வாரம் குடும்பத்தோடு வந்தான். ரத்னா அரக்கு நிறச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஸ்பூர்த்தி பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். தோழிகளை விட்டு வருவதில் அவளுக்கு இஷ்டமில்லை, அதைச் சொல்லவும் இஷ்டமில்லை. குடியிருப்பில் சொல்லி வைத்த மாதிரி ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். "பா, பா" என்று ரத்னாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்கள். அறிவழகன் வெளியே வேப்பமர நிழலில் நின்றான். மனசு நிறைந்திருந்தது. பதினாலு வருஷத்தில் அவளுக்காக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தான்.

கால் மணி நேரத்தில் ரத்னா வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அது வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் அவள் சிரிக்கிற சிரிப்பு. பஸ் ஸ்டாண்ட் வந்து சேர்ந்தார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, "பேடா" என்றாள். வேண்டாம்.

"ஏன்? சமையக்கட்டு சின்னதுன்னா?"

"அதில்ல."

"அவங்க பேச்சு புரியலையா? கொஞ்சம் பழைய கன்னடம், தமிழ் கலந்திருக்கு. பழகிடும்."

"நல்லாப் புரிஞ்சுது ரீ. அதான் வேணாம்." அவள் டீயை ஆற்றினாள். "உக்காந்த உடனே எந்த ஊருன்னாங்க. சொன்னேன். எந்தக் கோயில்னாங்க. சொன்னேன். அப்பறம் நீங்க யாரு, எந்த ஜனம்னு. என்னைக் கேட்டுட்டு உங்களையும் கேட்டாங்க. உங்களதும் என்னதும் வேற வேறன்னு தெரிஞ்சதும் ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கிட்டாங்க. உங்க அப்பா அம்மா வந்து போறாங்களான்னு ஒருத்தி கேட்டா. எங்க அம்மா எட்டு வருஷமா வரலைன்னு நான் எதுக்கு அவகிட்டச் சொல்லணும்? நம்ம பாஷையில கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். புரியாத பாஷையில கேட்டா சிரிச்சுட்டுப் போயிடலாம்."

அறிவழகன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். ஒரு மாசமாக அவன் கட்டி வைத்திருந்த கணக்கு முழுவதும் தலைகீழாக நின்றது. கன்னடம் பேசுகிறவர்கள் இருக்கிற இடம் வேண்டும் என்று அலைந்தான். இப்போது அவர்கள் இல்லாத இடம் வேண்டுமா? அப்படியானால் அவள் கேட்ட கேள்விக்கு என்ன பதில்? யாருடன் பேசுவாள்?

"அப்ப உனக்கு எந்த மாதிரி எடம் வேணும், நீயே சொல்லு."

"தெரியல" என்றாள் ரத்னா. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அதுதான் அவனை இன்னும் குழப்பியது.

இந்தச் சமயத்தில் அக்கா புகுந்தாள். கோவிந்தம்மாள் அறிவழகனைவிட ஒன்பது வயது மூத்தவள். பாரதிபுரத்தில் சொந்த வீடு, மாமா ரேஷன் கடையில் வேலை. கல்யாணமான புதிதில் ஆறு வருஷம் அறிவழகனோடு பேசாமல் இருந்தவள். இப்போது அவன் ஊர் திரும்புகிற சேதி கேட்டதும் தினமும் இரண்டு தடவை போன். தன் தெருவிலேயே ஒரு வீடு பார்த்து, வீட்டுக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டாள்.

"டேய் தம்பி, அக்கா இருக்கறப்ப ஊர் ஊரா எதுக்குடா சுத்தற? அவசர ஆத்தரத்துக்குப் பக்கத்துல நான் இருக்கேன். புள்ளைங்களை நான் பாத்துக்கறேன். ரத்னாவுக்கு சமையல் கத்துத் தரேன்."

"ரத்னாவுக்கு சமையல் தெரியுங்க்கா."

"அது அந்தூரு சமையல். சாம்பாருக்கு வெல்லம் போடற சமையல்."

அந்த வீட்டையும் போய்ப் பார்த்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாத வீடு. முனிசிபாலிடி தண்ணீர். பக்கத்தில் கடை. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். ரத்னா கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள். "நல்லா இருக்கு அண்ணி" என்றாள் தன் பெங்களூர்த் தமிழில். கோவிந்தம்மாள் தம்பியைப் பார்த்து, பார்த்தாயா என்று தலையை ஆட்டினாள். பெங்களூருக்குத் திரும்பும் பஸ்ஸில், நவநீத் தூங்கிய பிறகு, ரத்னா சொன்னாள்.

"உங்க இஷ்டம் ரீ. நீங்க சொன்னா சரி."

பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படிச் சொன்னது இரண்டே தடவை. இரண்டு தடவையும் பிறகு ஒரு மாசம் சரியாகப் பேசவில்லை. அவன் அக்காவிடம் என்ன சொல்வது? அக்கா ஆசையாகக் கூப்பிடுகிறாளா, கண்காணிக்கக் கூப்பிடுகிறாளா? இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கும்போது எதை எடுத்துக்கொள்வது? வீட்டுக்காரர் ஞாயிறு வரைக்கும் டைம் கொடுத்திருந்தார். அந்த வாரம் முழுக்க வண்டி ஓட்டும்போது இதே யோசனை. தான் பதினெட்டு வருஷமாகப் போய்வருகிற மேம்பாலத்தில் தப்பான பக்கம் இறங்கி, பின்னால் இருந்த பெண்மணியிடம் வசவு வாங்கினான்.

மே மாசக் கடைசி ஞாயிறு. அன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு வீடு, பூங்கா நகரில், பார்த்துவிட்டு அக்காவுக்கு எதையாவது சொல்லிவிடுவது என்று குடும்பத்தோடு வந்தான். சவுரியப்பன் அன்று ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தான். தன் பைக்கைக் கொடுத்து வழியும் சொல்லிவிட்டிருந்தான். நாலு பேரும் ஒரே பைக்கில். சவுரியப்பன் சொன்ன ஆர்ச் வந்தது, அவன் சொன்ன ஆலமரம் வரவில்லை. செல்போனைப் பார்த்தால் இரண்டு பூங்கா நகர் காட்டியது. ஒன்றுக்குப் போனால் அங்கே வெறும் மனைக்கல்தான் நட்டிருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆடுகள் மேய்ந்தன. பெங்களூரை உள்ளங்கையில் வைத்திருந்தவன், பிள்ளைகள் முன்னால், வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றான்.

"அப்பா, பாத்ரூம்" என்றான் நவநீத்.

"கொஞ்சம் பொறுடா."

"முடியாது."

வெட்டவெளியில் தூரத்தில் ஏழெட்டு வீடுகள் தெரிந்தன. பாதி பூச்சு முடியாதவை. அங்கே போனார்கள். முதல் வீட்டுக் கேட்டைத் தட்டப் போன ரத்னா நின்றாள். உள்ளே ஒரு பெண்மணி வராந்தாவில் உட்கார்ந்து, மடியில் முறம் வைத்துப் பருப்புப் பொறுக்கிக்கொண்டே, போனில் யாரையோ உருதுவில் விளாசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பச்சைச் சேலை, மூக்குக் கண்ணாடி.

ரத்னா அறிவழகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே, அவனுக்குத் தெரியாத பாஷையில் ஏதோ கேட்டாள். பையனைக் காட்டினாள். அந்த அம்மா போனை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்து, "ஆவ் மா, ஆவ், அந்தர் ஆவ்" என்று கேட்டைத் திறந்தார்.

அறிவழகன் பைக் பக்கத்திலேயே நின்றான். ரத்னாவுக்கு உருது தெரியும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. கார்மென்ட்ஸில் அவள் பக்கத்து மிஷின்காரப் பெண்கள் நாலு பேரும் அந்தப் பாஷைதான். எட்டு வருஷம் அவர்களோடு சாப்பாட்டு டப்பாவைப் பங்கிட்டவள். ஆனால் அது அவனுக்கு ஒரு நாளும் ஒரு விஷயமாகத் தோன்றியதில்லை. அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது மாதிரி அதுவும் ஒன்று.

நவநீத் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டான். ரத்னா வரவில்லை. ஸ்பூர்த்தியும் உள்ளே போனாள். அரை மணி நேரம் ஆனது. உள்ளிருந்து சிரிப்புச் சத்தம். நடுநடுவே "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போடும் ரத்னாவின் குரல். அதற்குள் அந்த வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அப்துல் சுபான், மெத்தைக் கடை வைத்திருக்கிறார். வெயிலில் நிற்கிறவனைப் பார்த்து, "ஏங்க வெளிய நிக்கறீங்க, வாங்க" என்றார். பேச்சுக் கொடுத்ததில் அவரும் பென்னாகரம்தான் என்று தெரிந்தது. சந்தைப்பக்கம் இருந்த பழைய மெத்தைக் கடை அவர் அப்பாவுடையது. அறிவழகன் சின்ன வயதில் அந்தக் கடை வாசலில் பறக்கிற பஞ்சைப் பிடித்து விளையாடியிருக்கிறான்.

"இங்க எப்படிங்க, இருக்கறதுக்கு?" என்று பழக்கதோஷத்தில் கேட்டான்.

"எதைச் சொல்றது?" என்று சுபான் தலையைச் சொறிந்தார். "தண்ணி இல்ல, போர்தான், அதுவும் உப்பு. குடிக்கக் கேன் வாங்கணும். தெருவிளக்கு ஒண்ணு, அதுவும் சில நாள் எரியும். பஸ்ஸுக்கு ஒன்றரை கிலோமீட்டர். நாங்க வந்து அஞ்சு வருஷம். ஏன் வந்தோம்னு எங்கூட்டம்மா ரோஷன் பீ தெனம் கேக்கறா." சொல்லிவிட்டு யோசித்தார். "ஆனா போகச் சொன்னா போக மாட்டா."

ரத்னா வெளியே வந்தாள். கையில் ஒரு கிண்ணம். முகம் வெயிலில் சிவந்திருந்தது.

"ரீ, பக்கத்து வூடு காலி. ஓனர் ஓசூர்ல இருக்காராம். சாவி இவங்ககிட்ட. பாத்துட்டேன்."

"எப்ப பாத்த?"

"இப்பதான். பின்பக்கமா போய். இதுவே இருக்கட்டும்."

அறிவழகன் அந்த வீட்டைப் பார்த்தான். முன்பக்கம் பூச்சு, பக்கவாட்டில் செங்கல். அவன் இரண்டு மாசமாகத் தலையில் வைத்திருந்த பட்டியலில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. பள்ளிக்கூடம் தூரம். கடை இல்லை. மொத்தம் எட்டு வீடு.

"கன்னடம் பேச ஒருத்தரும் இல்லையே இங்க."

"தெரியும்."

"தமிழ் பேசவே நாலு வூடுதான்."

"தெரியும் ரீ."

"அப்ப ஏன்?"

ரத்னா அவனைப் பார்த்தாள். அவளும் யோசித்தாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. "அந்தம்மா என்னை எந்த ஊருன்னு கேக்கல. அவங்க மருமகளைப் பத்திக் குறை சொல்லிட்டே இருந்தாங்க. நானும் சொன்னேன்."

"யாரைப் பத்தி?"

"அது எதுக்கு உங்களுக்கு?" என்று கிண்ணத்தை நீட்டினாள். சேமியா. இன்னும் சூடாக இருந்தது.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து, வீடு பார்த்துவிட்டோம் என்றான். எங்கே என்றாள் அவள். எங்கே என்று சொல்ல அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. பூங்கா நகரா, அதன் விரிவாக்கமா என்று சுபானைக் கேட்டதற்கு, கரண்ட் பில்லில் ஒரு பெயர், பஞ்சாயத்து ரசீதில் ஒரு பெயர் என்று சொல்லியிருந்தார். "அரூர் ரோட்டுல உள்ளாரக்கா" என்று பொதுவாகச் சொல்லி வைத்தான். கோவிந்தம்மாள் போனை வைத்துவிட்டாள்.

ஜூன் முதல் வாரம் சாமான்களை ஏற்றி வந்து இறக்கினார்கள். முதல் பத்து நாள் அறிவழகன் சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு வரும்போது இரண்டு தடவை தப்பான வீட்டுக் கேட்டைத் திறந்தான். எட்டு வீட்டிலும் ஒரே மாதிரி பழுப்புக் கேட்டு. ஸ்பூர்த்தி ஒரு மாசம் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டாவது மாசம், வாயை மூடுவதில்லை என்று கூப்பிட்டுச் சொன்னார். தமிழ் எழுத்து இன்னும் கோணல்தான். 'ழ' அவளுக்குப் படம் வரைகிற மாதிரி. உப்புத் தண்ணீரில் ரத்னாவுக்கு முடி கொட்டுகிறது. அதைச் சொல்லித் தினமும் ஒரு தடவை அலுத்துக்கொள்கிறாள். பொழுது போகவில்லை என்று அவள் சொன்ன நாள் மட்டும் அவன் நினைவில் இல்லை. காலையில் பிள்ளைகள் போனதும் ரோஷன் பீ வந்துவிடுகிறார். மதியம் இவள் அங்கே போகிறாள். சுபானின் கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறாள். என்ன அப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டால், "சும்மா" என்கிறாள்.

ஏன் அந்த இடத்தில் போய்க் குடியிருக்கிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். காலேஜ் மேனேஜரிடம், பஸ் நிறுத்துகிற ஷெட்டுக்குக் கிட்டே சார் என்றான். கிட்டேயில்லை. ஓட்டுகிற கூட்டாளிகளிடம், வாடகை கம்மி என்றான். அப்படியொன்றும் கம்மியில்லை. சவுரியப்பனிடம் எதையும் சொல்லிச் சமாளிக்க முடியவில்லை. "மாப்ள, நீ வந்தப்புறம் அந்த எடத்துக்கு வாரம் பதிமூணு கேன் போடறேன். எனக்கு சந்தோஷம்தான். ஆனா ஏன்டா?" என்று கேட்டான். தெரியலடா என்றான் அறிவழகன். அது ஒன்றுதான் உண்மை.

ஆவணியில் அக்கா வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், ஆட்டோ பிடித்து, வழி தெரியாமல் அரை மணி நேரம் சுற்றி, கோபத்தோடு வந்து இறங்கினாள். வாசலில் நின்று, சுற்றிலும் மனைக்கல்லையும் ஆட்டையும் பார்த்துவிட்டு, "இதுக்காடா எங்கூட்டுப் பக்கத்து வூட்டை வேணாம்னு சொன்ன?" என்றாள். ரத்னாதான் முன்னால் வந்து, "உள்ள வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்தாள். சாப்பாடு போட்டாள். சாம்பாரில் வெல்லம் இருந்தது. கோவிந்தம்மாள் இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டு, வெல்லத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். போகும்போது தம்பியிடம், "மாசம் ஒரு தடவ வருவேன். பக்கத்துல இருந்திருந்தா தெனம் வந்திருப்பேன். உன் பொண்டாட்டிக்கு அது தெரிஞ்சிருக்கு" என்றாள். கோபமாகச் சொன்னாளா, மெச்சிச் சொன்னாளா? ஆட்டோ கிளம்பிய பிறகும் அவன் ரோட்டில் நின்று யோசித்தான்.

போன மாசம் சவுரியப்பனிடமிருந்து ஒரு போன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு வீடு காலியாகிறது; முனிசிபாலிடி தண்ணீர், போர் தண்ணீர் ரெண்டு லைனும் உண்டு; வாடகை இதே அளவு; ஸ்பூர்த்தியின் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்; உடனே பதில் சொல்ல வேண்டும். அறிவழகன் யாரிடமும் சொல்லாமல், மதியம் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தான். ஒவ்வொரு அறையாக நடந்தான். குழாயைத் திறந்து ஒரு கை ஏந்திக் குடித்தான். நல்ல தண்ணீர். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுத்தமான தெரு, வரிசையாகச் சாத்திய கேட்டுகள். ஒரு குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தான். ரத்னாவிடம் சொன்னால் மறுப்பாளா, சரி என்பாளா என்று நினைத்துப் பார்த்தான். சரி என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. ஏன் பயம் என்று பிடிபடவில்லை.

வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னங்க, பேசலாமா?" என்றார்.

மணி மூன்றே கால். சாயங்கால டிரிப்புக்குப் பஸ்ஸை எடுக்க வேண்டும். நாளைக்குச் சொல்றேங்க என்று கிளம்பிவிட்டான். அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. சவுரியப்பன் கேன் போட வரும்போதெல்லாம் கண்ணாலேயே கேட்கிறான். அறிவழகன் கேனைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விடுகிறான்.